தொலைபேசிப் பில்லுக்குள் ஒரு கல்லாப்பெட்டி

ஒரு முறை மட்டும் மணியடித்து நின்றுபோன வெளிநாட்டு எண்ணைத் திருப்பி அழைக்காதீர்கள் என்று காவல்துறையும் தொலைபேசி நிறுவனங்களும் அவ்வப்போது எச்சரிக்கின்றன. நல்ல எச்சரிக்கைதான். ஆனால் பணம் போனால் குற்றம் அழைத்தவருடையது, அவர்தான் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்ற தீர்ப்பையும் அது சேர்த்தே சொல்லிவிடுகிறது. அழைப்புக் கட்டணத்தில் ஒரு பங்கை எண் வைத்திருப்பவருக்கே கொடுக்கும் கூடுதல் கட்டண எண்களின் ஐம்பதாண்டு வரலாற்றைப் படிக்கிறவருக்கு இந்தத் தீர்ப்பு சரியாகப் படாது. ஏமாறுகிறவர்கள் எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்திருக்கிறார்கள். மோசடி பெருகியதும் குறைந்ததும் அவர்களுடைய புத்திசாலித்தனத்தைப் பொறுத்து நடக்கவில்லை. அழைப்புக்கான பணம் யார் கைக்கு, எவ்வளவு விரைவில், யார் சம்மதத்தோடு போய்ச் சேர்கிறது என்பதைப் பொறுத்தே நடந்தது. பணம் போகும் வழியை அடைத்த இடத்தில் மோசடி ஓய்ந்தது. அறிவுரை மட்டும் சொன்ன இடத்தில் அது தழைத்தது.

தொலைபேசியில் தகவல் விற்பது பழைய பழக்கம். 1936 ஜூலையில் லண்டனில் பேசும் கடிகாரம் வந்தது. எண்ணைச் சுழற்றினால் ஒரு பெண்குரல் நேரம் சொல்லும். அழைத்தவர் கொடுத்தது அழைப்புக்கான கட்டணம்தான். அந்தக் குரலுக்கென்று தனி விலை இல்லை, அந்தக் காசில் மூன்றாம் ஆள் எவருக்கும் பங்கும் இல்லை. அமெரிக்காவில் 900 என்று தொடங்கும் எண்களும் பணம் பண்ணுவதற்காகப் பிறந்தவை அல்ல. லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே எண்ணை அழைத்தால் ஊர் இணைப்பகம் திணறிப்போகும். அந்த நெரிசலைத் தனியாகப் பிரித்துக் கையாளவே அந்த எண் வரிசை ஒதுக்கப்பட்டது. 1977 மார்ச் 5 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் சிபிஎஸ் வானொலியில் மக்களோடு நேரடியாகப் பேசினார். வால்டர் குரோன்கைட் நெறிப்படுத்திய அந்த இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்கு 900 எண்தான் பயன்பட்டது. அழைக்க முயன்றவர்கள் 90 லட்சத்துக்கும் மேல். பேசக் கிடைத்தவர்கள் 42 பேர். மூன்று ஆண்டுகள் கழித்து, கார்ட்டரும் ரீகனும் மோதிய தொலைக்காட்சி விவாதம் முடிந்ததும், வென்றது யார் என்று ஏபிசி நிறுவனம் மக்களிடம் கேட்டது. அழைப்புக்கு 50 சென்ட். 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அழைத்தார்கள். 1982இல் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியில் எட்டி மர்பி உயிருள்ள சிங்கிறால் ஒன்றைக் காட்டி, இதைக் கொதிநீரில் போடலாமா விட்டுவிடலாமா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கும் 4 லட்சத்துக்கு மேற்பட்ட அழைப்புகள், ஒவ்வொன்றும் 50 சென்ட். மக்கள் அரை டாலரைப் பெரிதாக எண்ணுவதில்லை என்பதைத் தொழில் கண்டுகொண்டது இந்த ஆண்டுகளில்தான்.

திருப்பம் 1980களின் பிற்பகுதியில் வந்தது. ஏடி&டி என்ற தொலைபேசி நிறுவனத்தின் ஏகபோகம் 1984இல் உடைக்கப்பட்ட பிறகு, நெடுந்தூர நிறுவனங்கள் 900 எண்ணை யார் கேட்டாலும் வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கின. விலையை எண்ணை எடுத்தவரே வைத்துக்கொள்ளலாம். தொலைபேசி நிறுவனம் தன் பில்லிலேயே அந்தத் தொகையைச் சேர்த்து வசூலித்து, தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அவரிடம் கொடுத்துவிடும். மளிகைக்கடையில் நம் பெயரில் இருக்கும் பற்று நோட்டில், ஊர்பேர் தெரியாத ஒருவன் வந்து தன் கணக்கை எழுதிவிட்டுப் போவதற்கும் கடைக்காரரே அதை நம்மிடம் கறாராக வசூலித்துக் கொடுப்பதற்கும் ஒப்பான ஏற்பாடு இது. கடன் அட்டை வேண்டாம், கையெழுத்து வேண்டாம், வயது கேட்கத் தேவையில்லை. வீட்டில் கருவியை எட்டிப் பிடிக்கக்கூடிய எவரும் குடும்பத்தின் பெயரில் கடன் வாங்கலாம். கட்டாவிட்டால் தொலைபேசி இணைப்பே போய்விடும் என்ற பயம், வசூலுக்குத் துணை நின்றது. ஜோதிடம், ஆபாசப் பேச்சு, வேலைவாய்ப்புப் பட்டியல், உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்ற பொய், மோசமான கடன் வரலாறு உள்ளவர்களுக்கும் கடன் அட்டை என்ற வாக்குறுதி எல்லாம் இந்த வழியில் விலைபோயின. சிறுவர்களைக் குறிவைத்துக் கிறிஸ்துமஸ் தாத்தாவின் பெயரிலும் எண்கள் இருந்தன. விற்கப்பட்ட சரக்கு நிமிடம்தான் என்பதால், சொல்ல வேண்டியதை முதல் நிமிடத்தில் சொல்லிவிடுவது விற்பவருக்கு நட்டம். இழுத்துப் பேசுவதற்கே சம்பளம்.

அழைத்தவர் தானாகத்தானே எண்ணைச் சுழற்றினார், யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லையே என்பது இந்தத் தொழில் எப்போதும் முன்வைத்த வாதம். பெரியவர் ஒருவர் விலையைத் தெரிந்துகொண்டு ஜோதிடம் கேட்டால் அது அவருடைய உரிமை. அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் தெரிந்துகொண்டு என்ற அந்தச் சொல்தான் நடைமுறையில் காணாமல் போனது. மிஸ் கிளியோ என்ற பெயரில் தொலைக்காட்சியில் தோன்றிய குறிசொல்லியின் கதை நல்ல சான்று. இலவசமாகப் பலன் சொல்கிறோம் என்று விளம்பரம் வரும். கட்டணமில்லா எண்ணை அழைத்தால் அங்கிருந்து 900 எண்ணுக்குத் திருப்பிவிடுவார்கள். அங்கே நிமிடத்துக்கு 4.99 டாலர். அமெரிக்காவின் ஃபெடரல் வர்த்தக ஆணையம் 2002 பிப்ரவரியில் அந்த நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, வாடிக்கையாளர்களிடம் வசூலிக்க வேண்டியிருந்த 50 கோடி டாலரை அவை கைவிட்டன. 50 லட்சம் டாலர் அபராதமும் கட்டின. வசூலாகாமல் நின்ற பாக்கி மட்டுமே 50 கோடி டாலர் என்றால், விலை தெரிந்து மனமுவந்து வாங்கியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று வாசகரே கணித்துக்கொள்ளலாம்.

இந்த வழக்குக்குப் பத்தாண்டு முன்பே, 1992இல், அமெரிக்க நாடாளுமன்றம் 900 எண்களுக்கென ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் கீழ் வர்த்தக ஆணையத்தின் விதிகள் 1993இல் நடைமுறைக்கு வந்தன. இவற்றை நிதானமாகப் படிக்க வேண்டும். அழைப்பு இணைந்ததும் நிறுவனத்தின் பெயரையும் கட்டணத்தையும் முதலில் சொல்ல வேண்டும்; அதைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டால் ஒரு காசும் கிடையாது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களை நோக்கி விளம்பரம் செய்யக் கூடாது. தொலைக்காட்சியிலிருந்து வரும் தொனியே எண்ணைச் சுழற்றிவிடும்படியான விளம்பரங்களும் கூடாது. ரிசீவரைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு நேரே பிடி என்று குழந்தையிடம் சொன்னால் போதும், எண் தெரியாத பிள்ளையும் அழைத்துவிடும். சட்டம் அதையும் தடுக்க வேண்டியிருந்தது. இவையெல்லாம் தேவைதான் என்றாலும், உண்மையில் வேலை செய்தது வேறு இரண்டு பிரிவுகள். 900 எண்ணுக்கான தொகையைக் கட்டவில்லை என்பதற்காக வீட்டு இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. பில்லில் உள்ள தொகை தவறென்று வாடிக்கையாளர் புகார் செய்தால், விசாரணை முடியும்வரை வசூல் நிற்க வேண்டும். இந்த இரண்டும் மக்களுக்குப் புத்திமதி சொல்லவில்லை. தொலைபேசி நிறுவனம் தன் வலிமையை அந்நியனுக்குக் கடன் கொடுப்பதை அவை நிறுத்தின. கட்டாமல் விட்டவர்களின் பாக்கி குவிந்தது. மோசடிக்காரருக்கு அந்த எண் பழையபடி பொன்முட்டையிடும் வாத்தாக இல்லாமல் போனது.

அவர்கள் தொழிலை விட்டுவிடவில்லை, முகவரியை மாற்றிக்கொண்டார்கள். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அழைப்பு போனால், புறப்படும் நாட்டின் நிறுவனம் போய்ச்சேரும் நாட்டின் நிறுவனத்துக்கு நிமிடக் கணக்கில் பணம் கொடுக்க வேண்டும் என்பது நெடுநாள் சர்வதேச வழக்கம். தந்திக் காலத்திலிருந்து வந்த நியாயமான ஏற்பாடு அது. ஆனால் சிறிய நாட்டின் நிறுவனம் ஒன்று, அதிக அழைப்புகளை வரவழைத்துக் கொடு, வருமானத்தில் பங்கு தருகிறேன் என்று வெளியாளிடம் சொன்னால், சாதாரண வெளிநாட்டு எண்ணே கூடுதல் கட்டண எண் ஆகிவிடுகிறது. அமெரிக்கச் சட்டம் அதைத் தொட முடியாது. கரீபியன் தீவுகள் பலவும் அப்போது 809 என்ற பகுதிக் குறியீட்டில் இருந்தன. அவை அமெரிக்காவோடு ஒரே எண் திட்டத்தைப் பகிர்ந்துகொண்டதால், வெளிநாட்டு அழைப்புக்கான முன்னெண் தேவையில்லை. பார்ப்பதற்குப் பக்கத்து மாநிலத்து எண் போலவே இருக்கும். உறவினருக்கு உடல்நிலை சரியில்லை, உங்கள் பெயரில் பாக்கி இருக்கிறது, உடனே அழைக்கவும் என்று பேஜரிலும் பதில்சொல்லும் கருவியிலும் செய்தி வரும். பின்னாளில் பரவிய சங்கிலி மின்னஞ்சல்கள் இழப்புத் தொகையை நம்பமுடியாத அளவுக்கு ஊதிப் பெருக்கின. சூழ்ச்சி மட்டும் உண்மையானது. பசிபிக் பெருங்கடலில் சில ஆயிரம் பேர் வாழும் துவாலு நாடு, தன் தொலைபேசிக் குறியீட்டை இத்தகைய ஆபாசப் பேச்சுத் தொழிலுக்கு வாடகைக்கு விட்டு 1990களில் அரசுக்குக் கணிசமான வருமானம் பார்த்தது. விற்க அதிகம் எதுவுமில்லாத அந்த மக்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அந்த வருமானத்தில் ஒரு பகுதி, தாம் எந்த நாட்டை அழைக்கிறோம் என்றே தெரியாதவர்களின் பில்லிலிருந்து வந்தது.

இணையம் வந்ததும் மனிதக் கையும் தேவையில்லாமல் போனது. 1997இல் ஃபெடரல் வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கு ஒன்று மால்டோவா வழக்கு என்றே அறியப்படுகிறது. படங்களை இலவசமாகப் பார்க்க இந்த மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள் என்று இணையதளம் சொல்லும். இறக்கியவுடன் அது, கணினியைத் தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தோடு இணைக்கும் மோடத்தின் ஒலியை அணைத்து, உள்ளூர் இணைப்பைத் துண்டித்து, மால்டோவா எண் ஒன்றை அழைக்கும். பயனர் அந்தத் தளத்தைவிட்டு வேறு பக்கத்துக்குப் போனாலும் கணினியை அணைக்கும்வரை மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் சுமார் 38,000 பேருக்கு 27 லட்சம் டாலருக்கு மேல் திருப்பித் தரப்பட்டது. ஜெர்மனியில் 0190 என்று தொடங்கும் கூடுதல் கட்டண எண்களோடு இதே வித்தை இன்னும் பெரிதாக நடந்தது. பதினாறு வயதுப் பையன் ஒருவன் இணைய வேகத்தைக் கூட்டும் என்று நம்பி ஒரு கோப்பை இறக்கினான். அதனோடு, தானே எண்ணை அழைக்கும் டயலர் மென்பொருளும் இறங்கியது. அழித்த பிறகும் அது மறைந்திருந்து வேலை செய்தது. குடும்பத்துக்கு வந்த பில் சுமார் 9,000 யூரோ. வழக்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2004 மார்ச் 4 அன்று வந்த தீர்ப்பு, அந்தத் தொகையைக் குடும்பம் கட்ட வேண்டியதில்லை என்றது. இந்த எண்களால் தொலைபேசி நிறுவனமும் ஆதாயம் அடைகிறது, ஆகவே அவற்றின் ஆபத்தையும் அதுதான் சுமக்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் தர்க்கம். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அதுதான். அதற்கு முந்தைய ஆண்டே அந்நாட்டுச் சட்டம் நிமிடத்துக்கு 2 யூரோ, அழைப்புக்கு 30 யூரோ என்று உச்சவரம்பு வைத்திருந்தது. ஒரு மணி நேரம் ஆனதும் இணைப்பைத் தானாகத் துண்டிக்கவும் சொன்னது. பிரிட்டன் இன்னொரு வழியைக் கண்டது: எண் வைத்திருப்பவருக்குப் பணத்தைக் குறைந்தது 30 நாள் கழித்தே கொடுக்க வேண்டும். புகார் வருவதற்குள் பணத்தோடு ஓடிவிடுவதுதான் அதுவரை மோசடிக்காரரின் பலமாக இருந்தது.

நாங்கள் கம்பி மட்டுமே போட்டோம், அதில் யார் என்ன பேசுகிறார்கள் என்பது எங்கள் பொறுப்பல்ல என்று தொலைபேசி நிறுவனங்கள் சொல்வது முற்றிலும் தவறான வாதம் அல்ல. உரையாடலை ஒட்டுக்கேட்டுத் தரம்பிரிக்கும் நிறுவனத்தை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் தபால்காரர் கடிதத்தைப் பிரிப்பதில்லை என்பதோடு, கடிதம் எழுதியவருக்காகக் கடன் வசூலிப்பதும் இல்லை. விலையில் பங்கு வாங்கத் தொடங்கிய நாளிலேயே நிறுவனங்கள் நடுநிலையை விட்டுவிட்டன. இது ஏதோ நிழல் உலகத்தாரின் வேலை மட்டும்தானா என்று கேட்பவருக்கு 2007ஆம் ஆண்டு பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் விடை இருக்கிறது. ரிச்சர்ட் அண்ட் ஜூடி நிகழ்ச்சியின் போட்டியில், தேர்வானவர்களின் பட்டியல் முடிவான பிறகும் நேயர்களை ஒரு பவுண்டு கட்டணத்தில் அழைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தொலைபேசி வசதியை நடத்திய நிறுவனத்துக்கு ஒன்றரை லட்சம் பவுண்டு அபராதம். இதே வகைக் குற்றத்துக்காக ஜிஎம்டிவிக்கு 20 லட்சம் பவுண்டு. மறு ஆண்டு ஐடிவிக்கு 56 லட்சத்து 75 ஆயிரம் பவுண்டு. பிபிசியின் சிறுவர் நிகழ்ச்சியான புளூ பீட்டரில், தொழில்நுட்பக் கோளாறால் அழைப்புகள் வராதபோது, அரங்கைப் பார்க்க வந்த ஒரு குழந்தையையே அழைப்பவராக நடிக்கவைத்தார்கள். அதற்கு 50,000 பவுண்டு. நாட்டு மக்கள் பெரிதும் நம்பிய பெயர்கள் இவை. அழைப்பு ஒவ்வொன்றும் காசு என்றால் அழைப்பைக் கூட்டும் ஆசை எந்த அரங்குக்குள்ளும் நுழைந்துவிடும் என்பதையே இந்தப் பட்டியல் காட்டுகிறது.

எல்லாக் கூடுதல் கட்டண எண்ணும் மோசடி அல்ல, நன்கொடை திரட்டவும் வானிலை சொல்லவும் அவை பயன்பட்டன, கடுமையான விதிகள் நல்ல சேவையையும் கொன்றுவிடும் என்றொரு மறுப்பு உண்டு. எனக்கு இது கனமான மறுப்பாகத்தான் தெரிகிறது. கடன் அட்டை இல்லாத ஏழைக்கும் இளைஞருக்கும் சிறு தொகை கட்ட ஒரு காலத்தில் இதைவிட எளிய வழி இருந்ததில்லை. ஆனால் விலையை முன்னால் சொன்னதால் செத்துப்போகும் சேவை, விலையை மறைத்தே பிழைத்த சேவையாகத்தான் இருக்க முடியும். முப்பது நாள் காத்திருந்து பணம் வாங்குவது நேர்மையான வணிகருக்குச் சிரமம், அழிவல்ல. ஜப்பானில் என்டிடி நிறுவனம் 1989இல் தொடங்கிய டயல் கியூ2 சேவை ஆபாசத்துக்கும் பெரும் பில்களுக்கும் பெயர்பெற்று, கட்டுப்பாடுகளோடு கால் நூற்றாண்டு நீடித்து, 2014இல் மூடப்பட்டது. அது பொருளிழந்தது கட்டுப்பாட்டால் மட்டும் அல்ல, இணையம் வந்ததால்.

ஒரு மணி அடித்து வெட்டிவிடும் வித்தை பெரிதாகத் தலையெடுத்ததும் ஜப்பானில்தான். வான்கிரி என்ற அதன் ஜப்பானியப் பெயரையே இன்று உலகத் தொலைத்தொடர்புத் துறை முழுவதும் பயன்படுத்துகிறது. 2002இல் இயந்திரங்கள் மூலம் கைபேசிகளுக்கு மொத்தமாக மணியடித்துத் துண்டித்தார்கள். அந்த ஜூலையில் ஒசாகா பகுதியில் தொலைபேசி வலைப்பின்னலே நெரிசலில் திணறியது. 2019 மே மாதம் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 222 என்ற மொரிட்டானியக் குறியீட்டிலிருந்து நள்ளிரவில் வரும் ஒற்றை மணிகளைப் பற்றி எச்சரித்தது. 809 காலத்துச் சூத்திரம்தான் இதிலும். பேஜர் செய்தி போய்த் தவறிய அழைப்பு வந்திருக்கிறது. நம் நாட்டில் இதற்குத் தனி வலிமை உண்டு. மிஸ்டு கால் கொடுப்பது இங்கே காசில்லாத செய்தி: வந்துவிட்டேன், திருப்பிக் கூப்பிடு, சாப்பாடு அனுப்பு. அதற்குத் திருப்பி அழைப்பது மரியாதை. அந்த மரியாதையைத்தான் மோசடிக்காரர் காசாக்குகிறார்.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைப் புரிந்துகொண்டு, முன்பணச் சந்தாதாரர்களுக்கு வெளிப்படையான சம்மதம் இல்லாமல் ஐஎஸ்டி என்ற வெளிநாட்டு அழைப்பு வசதி தரக்கூடாது என்ற நிலையை 2012இல் எடுத்தது. காலர் டியூன், ஜோதிடக் குறுஞ்செய்தி என்று கேட்காத சேவைக்கெல்லாம் கைபேசி இருப்பிலிருந்து காசு கழிந்துகொண்டிருந்த காலத்தில், 2013 ஜூலையில், வாடிக்கையாளர் இரண்டாம் முறையும் உறுதிசெய்தால் மட்டுமே சேவை தொடங்கலாம் என்று உத்தரவிட்டது. இரண்டு ரூபாய்தானே, இதற்கு இத்தனை ஏற்பாடா என்று கேட்கலாம். இரண்டு ரூபாய்க்காக நீதிமன்றம் போகிறவர் யாருமில்லை என்பதுதான் இந்தத் தொழிலின் முதலீடே. கோன் பனேகா குரோர்பதி என்ற தொலைக்காட்சி வினாடிவினா நிகழ்ச்சியோடு 2007இல் நடந்த குறுஞ்செய்திப் போட்டியில் ஒரு செய்திக்கு 2.40 ரூபாய்; வந்தவை சுமார் 5.8 கோடி. நுகர்வோர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் ஒரு கோடி ரூபாய் தண்டம் விதித்தது. போதிய ஆதாரம் இல்லையென்று உச்ச நீதிமன்றம் பின்னர் அதை ரத்து செய்தது. ஆகவே அதை மோசடி என்று சொல்வது தவறு. ஆனால் இரண்டு ரூபாய் சில்லறையைக் கூட்டினால் என்ன தொகை ஆகும் என்பதை அந்த வழக்கு பொதுவெளியில் வைத்தது.

தற்காப்பும் இந்த வரலாற்றிலிருந்தே வர வேண்டும். ஒவ்வொரு அழைப்பிலும் விழிப்பாக இருப்பது எவராலும் முடியாது. அசதியும் அவசரமும் எல்லாருக்கும் உண்டு. பணம் போகும் வழியை ஒரு முறை அடைப்பது யாராலும் முடியும். வெளிநாட்டில் பேச ஆளில்லாத எண்ணில் ஐஎஸ்டி வசதியை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களின் எண்ணில் முதலில் செய்யுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் இணையவழி அழைப்பு போதும். +91 தவிர வேறு குறியீட்டோடு தெரியாத எண் வந்தால், உண்மையில் வேண்டியவராக இருந்தால் மறுபடி அழைப்பார் என்று விட்டுவிடுங்கள். இருப்பு காரணமில்லாமல் குறைந்தால் அன்றே கேளுங்கள். கேட்காத சேவையை நிறுத்த 155223 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. பணம் பறிபோனால் 1930. தொகை சிறிது என்று விட்டுவிடாதீர்கள், புகாரை எழுத்தில் கொடுத்து அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டுச் சட்டமும் ஜெர்மனியில் 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பும், இந்தப் பில்லை நான் கட்ட மாட்டேன் என்று சொன்ன சாதாரணக் குடும்பங்களால் வந்தவை.